விதையை ஏன் ஆண்டுதோறும் வாங்க வேண்டும்?

காலை எட்டு மணிக்குப் பழவங்காடி கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதே இல்லை. தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கிய குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் கொத்தனார்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். எதிரே சாலைக் கடைத்தெருவில் ஆந்திரத்திலிருந்து வந்த ஜெயா அரிசி மூட்டைகள் இறங்குகின்றன. அந்த மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்களில் பலர் நாஞ்சில் நாட்டையும் நெல்லைச் சீமையையும் சேர்ந்தவர்கள். பேனா பிடித்தாலும் செங்கல் சுமந்தாலும் ஊரில் அவர்களுக்கு அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் இருக்கிறது.

புரட்டாசி பிறந்தால் ஊரிலிருந்து போன் வரும். "மழை தொடங்கப் போகுது, விதைக்குப் பணம் அனுப்பு." கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம். விதை வருவது கம்பெனிப் பையில். போன ஆண்டு விளைந்த கதிரிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து விதைத்தால் ஆகாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் காலத்தில் கம்பும் சோளமும் வீட்டுக் குலுக்கையிலேயே இருந்தன. விதைக்கென்று கைக்காசு செலவழித்தது கிடையாது.

இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கான விடை கம்பெனிக்காரரின் சூட்சுமத்தில் மட்டும் இல்லை. ஒரு சிறு பூவுக்குள்ளும் இருக்கிறது. அந்தப் பூவில் ஏற்படும் ஒரு குறையைத் தேடி உலகத்து விஞ்ஞானிகள் அறுபது எழுபது ஆண்டுகளாக அலைந்திருக்கிறார்கள். இன்று மரபணுவைத் திருத்தும் புதிய முறையால் அந்தக் குறையின் காரணத்தையே தொட்டுவிட்டார்கள்.

ஒரே கூரையில் மாப்பிள்ளையும் பெண்ணும்

நெல் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே உமிக்குள் இருக்கின்றன. ஆறு மகரந்தப் பைகள், நடுவில் ஒரு சூலகம். காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் உமி விரியும். மகரந்தம் தன் பூவிலேயே உதிரும். சிறிது நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். வெளியே பறக்கும் மகரந்தம் சில நிமிடங்களில் சக்தி இழந்துவிடும். ஆகவே நெல்லில் கலப்பு தானாக நடப்பது மிகவும் குறைவு. திருப்பதிசாரம் 3, அம்பை 16 போன்ற ரகங்களின் விதையைக் கலப்பில்லாமல் எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டும் அதே குணத்துடன் முளைப்பது இதனால்தான்.

ஆனால் தூரத்து உறவான இரண்டு ரகங்களை மணம் முடித்தால் முதல் தலைமுறைப் பிள்ளை இரு பெற்றோரையும் விடத் திடமாக வளர்கிறது. இதைத்தான் வீரிய ஒட்டு என்கிறார்கள். நெல்லில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு கூடுதல் மகசூல் கிடைக்கிறது. இந்த வீரியம் முதல் தலைமுறையோடு சரி. அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை, ஒன்று முந்தி பூக்கும், ஒன்று பிந்திப் பூக்கும். வயல் முழுவதும் பல குணமாகப் பிரிந்துவிடும். எடுத்து வைத்த மக்காச்சோள விதை ஏமாற்றுவதற்கும் இதுவே காரணம். விதைக்குள் யாரும் பூட்டுப் போடவில்லை. பெற்றோரின் குணங்கள் பேரப்பிள்ளைகளிடம் பிரிந்து போகின்றன.

இனி அடுத்த சிக்கல். ஒட்டு விதை உண்டாக்க வேண்டுமானால் தாய்ச் செடியின் பூவிலுள்ள மகரந்தத்தை அகற்றியாக வேண்டும். மக்காச்சோளத்தில் இது எளிது. ஆண் பூ செடியின் உச்சியில், பெண் கதிர் இடுப்பில். உச்சிப் பூவைக் கையால் ஒடித்தால் போதும். நெல்லிலோ ஒவ்வொரு உமிக்குள்ளும் ஆறு பைகளை இடுக்கியால் பிடுங்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் பத்து இருபது விதைக்கு இது சரி. ஓர் ஏக்கருக்கு விதை வேண்டுமென்றால் லட்சக்கணக்கான பூக்களுக்கு யார் இடுக்கி பிடிப்பது? ஆகவே பிறவியிலேயே மகரந்தம் இல்லாத செடி வேண்டியிருந்தது. மனிதருக்கு மனவேதனையான ஆண் மலட்டுத்தன்மை, விதை உற்பத்திக்கு மூலதனமாக ஆனது இப்படித்தான்.

காட்டு நெல் தந்த தாய்

புன்செய்த் தானியங்கள் முந்திக்கொண்டன. 1954-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டீபன்சும் ஹாலண்டும் சோளத்தில் ஆண் மலட்டுச் செடியை அறிவித்தார்கள். அந்த வழியில் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச்.1 1964-ல் வந்தது. மறு ஆண்டே லூதியானாவிலிருந்து எச்.பி.1 என்ற ஒட்டுக் கம்பு வெளிவந்தது. அதன் தாய் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டிப்டனில் உருவான டிப்ட் 23 ஏ.

நெல்லில் வெற்றி கண்டவர் சீன விஞ்ஞானி யுவான் லோங்பிங். ஹுனான் மாநிலத்தில் ஒரு விவசாயப் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1964-ல் வயல் வயலாகக் கதிர்களைப் பார்த்துக்கொண்டு மகரந்தம் இல்லாத செடியைத் தேடத் தொடங்கினார். கிடைத்த செடிகள் எதுவும் தலைமுறைக்குத் தலைமுறை நிலைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1970 நவம்பரில், ஹைனான் தீவில் அவருடைய உதவியாளர்கள் ஒரு காட்டு நெல் செடியைக் கண்டார்கள். அதன் மகரந்தப் பைகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. அந்த ஒரு செடியின் வம்சத்திலிருந்து 1973-ல் ஒட்டு நெல் முறை முழுமை பெற்றது. 1976-ல் அது சீன வயல்களில் பரவத் தொடங்கியது. யுவான் 2021 மே மாதம் காலமானார்.

இந்தியாவில் 1989-ல் இதற்கெனத் தனித் திட்டம் தொடங்கப்பட்டது. 1994-ல் முதல் ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.ஆர்.எச்.1. அதற்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. 1998-ல் ஆடுதுறையிலிருந்தும் ஒரு ஒட்டு ரகம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒட்டு நெல் பெரிதாகப் பரவவில்லை. ஆரம்ப கால ஒட்டு ரகங்கள் பலவற்றின் சோறு பிசுபிசுவென்று ஒட்டியது. உதிரி உதிரியாகச் சோறு கேட்கும் தென்னாட்டு நாக்குக்கு அது பிடிக்கவில்லை. இன்று ஒட்டு நெல் அதிகம் பயிராவது உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில்.

அவர்களுக்கு வேண்டிய விதையில் பெரும்பகுதி விளைவது தெலங்கானாவின் கரீம்நகர், வாரங்கல் பகுதிகளில். எட்டு வரிசை மலட்டுத் தாய், இரண்டு வரிசை தந்தை என்று நடுகிறார்கள். தாயின் கதிர் இலையுறையை விட்டு முழுவதும் வெளிவராது. அதை வெளியே இழுக்க ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கிறார்கள். பூக்கும் நாட்களில் வெயில் ஏறியதும் கயிற்றின் இரு முனையை இருவர் பிடித்து வயலின் குறுக்கே இழுத்துத் தந்தை வரிசையை உலுக்குகிறார்கள். மகரந்தம் புகைபோல எழுந்து தாய் மேல் விழ வேண்டும். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் கதிர் பதராகிவிடும். விதைப் பையின் விலையில் இந்தக் கூலியும் அடக்கம்.

மருமக்கள் வழிச் சொத்து

இந்த மலட்டுத்தன்மை எங்கே இருக்கிறது? திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். இங்கே அரியணை அண்ணனிடமிருந்து மகனுக்குப் போகவில்லை, சகோதரி மகனுக்குப் போனது. நாஞ்சில் நாட்டிலும் ஒரு காலத்தில் பல குடும்பங்களில் மருமக்கள் வழிதான். செடியிலும் தாய் வழியாக மட்டும் இறங்கும் சொத்து ஒன்று உண்டு. உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பும் அதற்குள் இருக்கும் சில மரபணுக்களும்தான் அந்தச் சொத்து. தந்தையின் மகரந்தம் இதைக் கொண்டுவருவதில்லை.

ஹைனான் காட்டு நெல்லின் குறை இந்தச் சொத்தில்தான் இருந்தது. 2013-ல் தெற்குச் சீன வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதற்குக் காரணமான மரபணுவை அடையாளம் காட்டி டபிள்யூ.ஏ. 352 என்று பெயர் வைத்தார்கள். மகரந்தப் பைக்குள் வளரும் மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. இந்த மரபணு உண்டாக்கும் புரதத்தால் அந்த உறை காலத்துக்கு முன்பே அழிந்துபோகிறது. தாய்ப்பால் இல்லாத சிசுவைப்போல மகரந்தம் சுருங்கிவிடுகிறது. சோதித்துப் பார்க்கும் முறை எளிது. ஒரு சொட்டு அயோடின் விட்டால் நல்ல மகரந்தம் கறுத்த நீல நிறமாகும், சுருங்கிப்போன மகரந்தம் நிறம் ஏறாது.

உயிரணுவின் உட்கருவில் இந்தக் குறையை அடக்கும் வேறு மரபணுக்கள் உண்டு. அவை உள்ள ரகத்தைத் தந்தையாகச் சேர்த்தால் பிள்ளைச் செடியில் மகரந்தம் மீண்டும் உண்டாகும். இல்லாவிட்டால் விவசாயியின் வயலில் நெல்மணியே பிடிக்காது. மலட்டுத் தாயை வம்சமாகக் காப்பாற்றவும் ஒரு செடி தேவை. குணத்தில் தாயின் இரட்டைச் சகோதரன் போன்ற, ஆனால் மகரந்தம் உள்ள செடி. இப்படி மூன்று வம்சங்களையும் ஆண்டு தவறாமல் பேணினால்தான் ஒரு பை விதை.

ஒரே தாயின் பிள்ளைகள்

மலட்டுத் தாய் கிடைப்பது அரிது. கிடைத்த ஒன்றையே எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் பெரிய ஆபத்து உண்டு.

அமெரிக்காவில் டெக்சாஸில் கிடைத்த ஒரு மலட்டு மக்காச்சோளத் தாய், உச்சிப் பூ ஒடிக்கும் கூலியை மிச்சப்படுத்தியது. 1970-க்குள் அந்நாட்டு மக்காச்சோள விதையில் நூற்றுக்கு 85 பங்கு அந்தத் தாய் வழியாகவே வந்தது. அந்த ஆண்டு இலைக்கருகல் நோய்ப் பூஞ்சாணத்தின் புதிய இனம் ஒன்று தெற்கிலிருந்து கிளம்பியது. நாட்டின் மொத்த மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் பாழானது. பிற்பாடு ஆராய்ந்தபோது ஒரு கொடுமை தெரிந்தது. செடியை மலடாக்கிய அதே மரபணுவின் புரதம்தான் பூஞ்சாணத்தின் விஷத்துக்கும் வழி திறந்துவிட்டிருந்தது.

நம் நாட்டிலும் அதே காலத்தில் ஒட்டுக் கம்புக்கு இந்தக் கதி நேர்ந்தது. டிப்ட் 23 ஏ என்ற ஒரே தாயிடம் பிறந்த ரகங்களை 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் தாக்கியது. கதிர் இருக்க வேண்டிய இடத்தில் இலைக் கொத்து முளைத்தது. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவர்கள் தவித்தார்கள். பிறகு நோய் தாங்கும் புதிய தாய்களை உண்டாக்கித்தான் ஒட்டுக் கம்பு மீண்டது.

ஆகவே மலட்டுத்தன்மையின் காரணத்தைத் தெரிந்துகொள்வது வெறும் ஆராய்ச்சி ஆசை அல்ல. காரணம் தெரிந்தால் நோய்க்கு வழி விடாத, ஒன்றுக்குப் பத்தாகப் பல தாய்களை உண்டாக்க முடியும்.

மரபணுவைத் திருத்தும் கத்தரி

வீட்டில் ஒரு விளக்கு எரியாவிட்டால் எந்த ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறோம். மரபணு ஆராய்ச்சியும் அப்படித்தான். முன்பெல்லாம் விதைமேல் கதிர்வீச்சு பாய்ச்சி, எங்காவது உடையும் என்று ஆயிரக்கணக்கான செடிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது குறித்த ஒரு மரபணுவை மட்டும் போய் வெட்டும் கத்தரிகள் கிடைத்துள்ளன. அவற்றில் கிறிஸ்பர் என்ற முறைக்காக இமானுவேல் சார்பென்டியர், ஜெனிபர் டவுட்னா என்ற இரு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சீனாவில் வெப்பத்துக்கு மசியும் ஒரு வகை நெல் உண்டு. வெயில் ஏறினால் மகரந்தம் இல்லை, குளிர்ந்தால் உண்டு. வெயில் காலத்தில் அது ஒட்டு விதைக்குத் தாய். குளிர்ந்த இடத்தில் விதைத்தால் தன் விதையைத் தானே தரும். மூன்று வம்சத்துக்குப் பதில் இரண்டே போதும். இதற்குக் காரணம் டி.எம்.எஸ்.5 என்ற மரபணு பழுதானதுதான். 2016-ல் தெற்குச் சீன விஞ்ஞானிகள் சாதாரண நெல் ரகங்களில் அந்த மரபணுவைக் கிறிஸ்பரால் வெட்டினார்கள். ஒரே ஆண்டில் பதினொரு புதிய மலட்டுத் தாய்கள் கிடைத்தன. யுவானுக்கு ஒரு செடி கிடைக்க ஆறு ஆண்டு ஆயிற்று என்பதை நினைத்தால் வேகம் புரியும். ஆனால் இதிலும் ஓர் ஆபத்து. விதை பிடிக்கும் பருவத்தில் எதிர்பாராமல் குளிர் அடித்தால் தாய்க்கு மகரந்தம் வந்து விதை கெடும். ஆகவே இடமும் பருவமும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் கோவைப் பல்கலைக்கழகத்துக்கு ஒட்டு நெல் ஆய்வு மையம் இருக்கிறது.

கோதுமையில் இதே வேலை மும்மடங்கு கடினம். ஒவ்வொரு மரபணுவும் மூன்று பிரதிகளாக இருக்கும். ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். எம்.எஸ்.45 என்ற மரபணுவின் மூன்று பிரதிகளையும் ஒருசேர வெட்டி மகரந்தமில்லாத கோதுமையை உண்டாக்கியதாக 2018-ல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு அறிவித்தது.

தாய்வழிச் சொத்தான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கிறிஸ்பரை அனுப்புவது எளிதல்ல. அங்கே வேறொரு கத்தரியை அனுப்பி வென்றவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் எடுத்த நெல்லின் மலட்டுத்தன்மை முதலில் நம் வங்காளத்துச் சின்சுராவிலிருந்து போன போரோ நெல்லின் வழியாக வந்தது. 1960-களில் அதை ஆராய்ந்தவர் சின்ஜியோ. அதற்கு ஓ.ஆர்.எப்.79 என்ற மரபணுதான் காரணம் என்று சந்தேகம் இருந்தது. நேரடிச் சாட்சி இல்லை. 2019-ல் கசாமா, அரிமுரா ஆகியோரின் குழு டேலன் என்ற கத்தரியால் அந்த மரபணுவை மைட்டோகாண்ட்ரியாவிலேயே வெட்டி நீக்கியது. மலட்டுச் செடி பூத்தது, நெல்மணி பிடித்தது. குற்றவாளி யார் என்பது ஐயமில்லாமல் நிரூபணமாயிற்று.

இந்தியாவில் நிலை என்ன?

வேறு உயிரினத்தின் மரபணுவைப் புகுத்தாமல் செடியின் சொந்த மரபணுவில் மட்டும் செய்யும் சில வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. 2025 மே 4-ந் தேதி டில்லியில் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று, ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் சம்பா மசூரியிலிருந்து உண்டாக்கிய கமலா. மற்றது, டில்லி பூசா நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இரண்டும் ஒட்டு ரகங்கள் அல்ல. மலட்டுத்தன்மைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கத்தரியைப் பிடிக்க நம் அரசு நிலையங்களுக்குத் தெரியும் என்பதை இவை காட்டின. போதிய சோதனை இல்லை, கத்தரிக்கே வெளிநாட்டுக் காப்புரிமை இருக்கிறது என்று எதிர்ப்பும் எழுந்தது. இதில் காப்புரிமைக் கேள்வி சாதாரணமானதல்ல. நாளை விதை விலையில் அதுவும் சேரும்.

பழவங்காடியிலிருந்து வடக்கே நடந்தால் தலைமைச் செயலகம் தாண்டிப் பாளையத்தில் யூனிவர்சிட்டி கல்லூரி வருகிறது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1940-களில் விலங்கியல் படித்தது இங்கேதான். வங்கப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டு மனம் மாறிக் கோவை விவசாயக் கல்லூரிக்குப் போனார். அன்றைய புதிய ரகங்கள் அரசு நிலையங்களில் பிறந்து, விதையை விவசாயி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஊருக்கு வந்தன. சாலையில் இறங்கும் ஜெயாவும் 1968-ல் அப்படி வந்த ரகம்தான்.

குலுக்கைக்கு விதை திரும்புமா?

இப்போது ஆராய்ச்சி இன்னொரு திசையிலும் போகிறது. அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெங்கடேசன் சுந்தரேசனும் இம்தியாஸ் கண்டேயும் நெல்லின் சூலில் தந்தையின் உதவியில்லாமலே கரு உருவாகச் செய்தார்கள். தாயின் குணங்கள் பிரியாமல் இருக்க மூன்று மரபணுக்களையும் திருத்தினார்கள். விளைந்த விதை தாயின் அச்சு அசல். இது 2018 டிசம்பரில் வெளியானது. 2022-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ஓர் ஒட்டு நெல்லிலேயே இதைச் செய்து, நூற்றுக்கு 95-க்கும் மேல் அச்சு அசலான விதை எடுத்துக் காட்டினார்கள். இது வயலுக்கு வந்தால் ஒட்டு ரகத்தின் விதையையும் குலுக்கையில் எடுத்து வைக்கலாம். மலட்டுத் தாயும் வேண்டாம், கயிறு இழுப்பதும் வேண்டாம்.

வருமா என்பது விஞ்ஞானத்தை மட்டும் பொறுத்ததல்ல. ஆண்டுதோறும் விதை விற்கிறவர் இந்த வசதியைத் தேடிக் கொண்டுவருவார் என்று எதிர்பார்க்க முடியாது. விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் 2001-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஒட்டு ரகத்தில் அந்த உரிமையால் பலன் இல்லாமல் இருக்கிறது. அதற்குப் பலன் உண்டாக்கும் வேலையைக் கோவையும் ஐதராபாத்தும் டில்லியும்தான் எடுத்துச் செய்ய வேண்டும்.

அதுவரை புரட்டாசி பிறந்தால் ஊரிலிருந்து போன் வரத்தான் செய்யும். சாலையில் கணக்கு எழுதுகிறவர் சம்பளத்தில் ஒரு பங்கை விதைக்கென்று எடுத்து வைக்கிறார். விதை வாங்கும்போது ரசீதும் பையின் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குச் சொல்வது நல்லது. முளைக்காவிட்டாலும் மகரந்தம் பிடிக்காவிட்டாலும் கேட்பதற்கு அந்தக் காகிதங்கள்தான் ஆதாரம்.